முப்பத்தொரு முற்றுப்புள்ளிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன், இடது முழங்கால் நீங்கலாக. அது சொல்பேச்சு கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கொஞ்சம் விவரமாக எழுது, "நல்லா இருக்கேன்ப்பா" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. அங்கே குளிர் குறைந்ததா, அந்த ஆடுகிற மேசையை மாற்றினாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது. உன் தம்பிக்கு வேலையில் இடமாற்றம் வரும் போலிருக்கிறது, சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று மூன்று வாரமாக மறைக்கிறான், அவன் மறைப்பதைப் பார்த்தே நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். மாடிக்குப் போகிற தண்ணீர்க் குழாய் மறுபடியும் கசிகிறது, குழாய்க்காரர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே என் வாயை அடைக்கிறார். இதையெல்லாம் போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன். நேற்று நானே உன்னைக் கூப்பிட்டுக் குழாயைப் பற்றியே இருபது நிமிடம் பேசினேன், "என்னப்பா, ஒரு குழாய்க்கு இவ்ளோ பீடிகையா"ன்னு நீகூடச் சிரித்தாய். விஷயம் குழாய் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் நாவலில் நான் கை வைத்துவிட்டேன்.

அச்சுக்குப் போகும் கடைசிப் பக்கங்களை நீ எனக்கு அனுப்பியபோது தெளிவாகத்தான் சொல்லியிருந்தாய், "எழுத்துப் பிழை மட்டும் பாருங்கப்பா, வேற எதையும் தொடாதீங்க, பாத்துட்டு நீங்களே கையெழுத்துப் போட்டு அச்சுக்குக் குடுத்துருங்க"ன்னு. மூன்று வாரத்துக்கு முன்னால் அப்படியே கொடுத்தேன். இருபத்து மூன்று அத்தியாயத்தில் பதினேழு எழுத்துப் பிழை இருந்தது, அவசரக்குடுக்கைக்கு அது குறைவுதான், திருத்தினேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பிழைகூட இல்லை. அங்கேதான் முப்பத்தொரு முற்றுப்புள்ளி வைத்தேன். உன் அம்மாவின் கடைசி நாளை நீ எழுதிய அத்தியாயம் அது. ஐந்து பக்கத்துக்கு நீ ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருந்தாய், வந்து, பார்த்து, நின்று, கேட்டு என்று எதையும் முடிக்காமல் இழுத்துக்கொண்டே போய், கடைசியில்கூடப் புள்ளி வைக்காமல் விட்டிருந்தாய். நான் அதைத் துண்டு துண்டாக வெட்டி, பத்தி பிரித்து, ஒழுங்கு பண்ணி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாசகருக்கு மூச்சு விட இடம் வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிழை திருத்திப் பிழைத்த என் தொழில்புத்தி உனக்குத் தெரியும். அச்சுக்கூடத்தில் முப்பது வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்து மூலப்பிரதியை உரக்கப் படித்தவர் தொண்டை, அந்தக் குரலுக்காகவே அவருக்கு அந்தப் பெயர். அவர் கமா, புள்ளி, பத்தி என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு படிப்பார், நான் பென்சிலோடு அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டு வருவேன். கமா வந்தால் மனதுக்குள் ஒன்று எண்ண வேண்டும், புள்ளிக்கு மூன்று, பத்திக்கு ஐந்து, இது எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த கணக்கு, எண்ணாமல் போனால் கண் தாவிவிடும். கல்யாணமான புதிதில் உன் அம்மாவிடம் ஒரு நாள் நான் "காபி இருக்கா கேள்விக்குறி" என்று கேட்டுவிட்டேன். சாகிறவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

எழுதுகிறவர்களின் இந்தத் தாளச் சமாச்சாரம் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, தெரிந்துகொண்டே அலட்சியமாக இருந்தேன் என்பதுதான் உண்மை. ஒரு கவிஞர் வருவார், நாங்கள் அவரை விரல் என்றே கூப்பிடுவோம், மேசையில் தட்டிக்கொண்டேதான் தன் கவிதையைத் திருத்துவார். ஒரு தடவை அவருடைய வரியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதைவிடத் துல்லியமான சொல் ஒன்றை நான் எழுதிக் கொடுத்தேன், பெருமையாகத்தான் கொடுத்தேன். இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "அர்த்தம் சரியா வந்துருச்சு சார், கால்தான் இடறுது" என்று சொல்லி அடித்துவிட்டார். இன்னொரு அம்மா நாவல் எழுதுகிறவர், எங்கள் வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே வாய்விட்டுப் படிப்பார், மெஷின்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டேன். "கவிதைக்காரங்களுக்கு ஒரு வரி தாங்குனாப் போதும், எனக்கு நானூறு பக்கம் தாங்கணும், அதான் நடந்து பாக்குறேன், எங்க மூச்சு வாங்குதோ அங்க நான் ஏதோ பொய் சொல்லியிருக்கேன்னு அர்த்தம்" என்றார். நல்ல வேளை, நமக்கு எழுத்துப் பிழையோடு போயிற்று என்று அப்போது நினைத்தேன். நீயும் ஒரு தடவை சொல்லியிருக்கிறாய், சின்ன வாக்கியம் எழுதினால் அதற்கு அப்புறம் ஒரு அமைதி வருகிறது, அந்த அமைதியையும் நான்தான் எழுதுகிறேன் என்று. வெற்று இடத்துக்குமா உனக்குப் பெயர் போட வேண்டும் என்று நான் கேலி பண்ணினேன். நீ சிரிக்கவில்லை, அது எனக்கு நினைவிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொண்டை வந்தார். இப்போது அவருக்கும் வேலை இல்லை எனக்கும் வேலை இல்லை, வாரத்துக்கு ஒரு முறை வந்து பழைய ஆட்களை எல்லாம் திட்டிவிட்டுப் போவார். உன் நாவல் அச்சுக்குப் போன பெருமையில் பத்தொன்பதாம் அத்தியாயத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், நான் திருத்திய பிரதியை. அந்தக் கணீர்க் குரலில் கமா, புள்ளி சொல்லாமல் அழகாகப் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்லாதான்யா இருக்கு, ஆனா இது உம் பொண்ணு எழுதுனது இல்ல, இது நீ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய் நீ அனுப்பிய பக்கங்களை எடுத்து வந்து, இதைப் படியுங்கள் என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீயே படி, வாழ்க்கை முழுக்க நான் படிக்க நீ கேட்டே, இன்னிக்கு நீ படி" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

எழுந்து நின்று படித்தேன். முதல் பக்கம் படிக்கும்போதே ஒன்று புரிந்தது. அன்றைக்கு நீ விமானத்தில் இருந்தாய். இறங்கி போனைத் திறக்கிறவரைக்கும் உன்னளவில் அம்மா உயிரோடுதான் இருந்தாள். எங்கே நிறுத்தினாலும் அங்கே அம்மா போய்விடுவாள் என்றுதானே நீ நிறுத்தாமலே எழுதியிருக்கிறாய். வாசகருக்கு மூச்சு விட இடம் கொடுக்க நீ மறக்கவில்லை, வேண்டுமென்றே கொடுக்கவில்லை. எந்தப் புள்ளியை நீ பயந்து பயந்து தள்ளிக்கொண்டு போனாயோ அதை நான் நாலைந்து வரிக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். உன் அம்மாவை முப்பத்தொரு தடவை சாகடித்திருக்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் எனக்கு மூச்சு முட்டியது. எந்த இடத்தில் என்று சொல்கிறேன். அப்பா கீழே டீ வாங்கப் போய் அங்கே வரிசை நீண்டிருந்ததால் நின்று அம்மா கண்ணைத் திறந்து பக்கத்து நாற்காலியைப் பார்த்து அதில் சால்வை மட்டும் கிடக்க என்று நீ எழுதியிருந்தாய், நர்ஸ் உன்னிடம் சொன்னதையும் நான் உன்னிடம் சொன்னதையும் ஒரே மூச்சில் சேர்த்து. நான் அதை எப்படி மாற்றியிருந்தேன் தெரியுமா. அப்பா கீழே டீ வாங்கப் போனார், புள்ளி. வரிசை நீண்டிருந்தது, புள்ளி. அதற்கப்புறம் புதுப் பத்தி போட்டு, அம்மா கண்ணைத் திறந்தாள் என்று ஆரம்பித்திருந்தேன். மற்ற முப்பதும் பழக்க தோஷத்தில் வைத்தது என்று வைத்துக்கொள். அந்தப் பத்தியை நான் தெரிந்தே பிரித்தேன். என் டீக்கும் அவள் கண் திறந்ததற்கும் நடுவில் ஐந்து எண்ணும் அளவுக்காவது இடைவெளி இருக்கட்டும் என்று பிரித்தேன். தொண்டை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அச்சுக்கூடத்துக்குப் போனேன். மேலாளருக்கு என்மேல் சரியான எரிச்சல், "கையெழுத்துப் போட்டுட்டு இப்ப வந்து நிக்கறீங்களே, நீங்களே இப்படிப் பண்ணா மத்தவங்களை நான் என்ன சொல்றது" என்றார். அவர் கேட்டது நியாயம்தான், நானும் இதே கேள்வியை எத்தனை எழுத்தாளர்களிடம் கேட்டிருக்கிறேன். நல்லகாலம், மெஷினில் ஏற்றியிருக்கவில்லை. உன் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினிப் பெண்ணின் அருகில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன், கடைசிப் புள்ளி வரைக்கும். இப்போது பத்தொன்பதாம் அத்தியாயம் நீ எழுதியபடியே இருக்கிறது, இதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். திங்கட்கிழமை காலை வரைக்கும் காத்திருப்பதாக மேலாளர் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டதே, அப்புறம் எதற்குத் திங்கட்கிழமை வரைக்கும் என்று நினைப்பாய். அந்த நடக்கிற அம்மா சொன்னது இரண்டு நாளாக என்னை விடவில்லை. மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு பொய் இருக்கத்தான் செய்கிறது, அது உன்னுடையது இல்லை. உன் அத்தியாயத்தில் ஒரு பிழைகூட இல்லை என்று மேலே எழுதினேன், ஒன்று இருக்கிறது. டீக்கடையில் வரிசை இல்லை, மகளே. யாருமே இல்லை, நான் ஒருவன்தான். வரிசை பெரிசா இருந்துச்சு, அதான் லேட்டாயிடுச்சு என்று அன்றைக்கு உனக்குப் போனில் சொன்னவன் நான், நீ அதை அப்படியே நம்பி அச்சு வரைக்கும் கொண்டுவந்துவிட்டாய். நடந்தது இதுதான். அன்று மதியத்திலிருந்து உன் அம்மாவின் மூச்சுக்கு நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்தது. நான் எண்ண ஆரம்பித்துவிட்டேன். எண்ணக்கூடாது என்றுதான் பார்த்தேன், முப்பது வருஷப் பழக்கம் விடவில்லை. ஒன்று, மூன்று, ஐந்து, அப்புறம் ஏழு, ஒன்பது. எங்கள் கணக்கில் ஐந்துக்கு மேல் எதுவும் கிடையாது. அடுத்ததைக் கேட்க என்னால் முடியவில்லை. சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டுக் கீழே ஓடிவந்துவிட்டேன். ஒரு டீ குடித்தேன், இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன். பிறகு சுவரில் இருந்த அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, பார்வையாளர் நேரம், செருப்பு விடும் இடம் என்று ஒவ்வொரு வரியாக எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம். மேலே போனபோது நாற்காலியில் சால்வை இருந்தது, நர்ஸ் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

உன் தம்பிக்கும் இது தெரியாது. இந்தக் கடிதத்தை அவன்தான் படம் எடுத்து உனக்கு அனுப்பப் போகிறான், படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான், நிச்சயம் படிப்பான், படிக்கட்டும். வரிசையை நான் தொடவில்லை. அது உன் வாக்கியத்தில் இருக்கிறது, வாக்கியம் உன்னுடையது. அது அப்படியே இருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும். எடுத்தால் அந்த இடத்தில் தாளம் இடறும் என்றால் அதற்கு என்ன எழுத வேண்டுமோ எழுது, என்னைப் பற்றி என்ன எழுதினாலும் சரி, நான் எழுத்துப் பிழை மட்டும் பார்க்கிறேன்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நீ நிறைய எழுதி நீண்ட நாள் நன்றாக இரு. வெறும் வயிற்றில் எழுத உட்காராதே, அந்த மேசைக்காலுக்கு அடியில் ஒரு அட்டையாவது மடித்து வை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு, மறந்துவிடாதே. உடனே பேச வராவிட்டால் பரவாயில்லை, போனை மட்டும் வைத்துவிடாதே. நீ எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும், நான் எண்ணாமல் காத்திருப்பேன்

இப்படிக்கு
உன் அப்பா