ஒரே பிள்ளைக்கு இரண்டு வகுப்பு

மே 27, செவ்வாய்

காலையிலிருந்தே மேகம் இறங்கி ரோடு தெரியவில்லை. அந்த மேகத்திலும் தேவதானப்பட்டியிலிருந்து முன்னால் என் ஜீப், பின்னால் தங்கச்சி வீட்டுச் சாமான் லாரி. லாரிக்காரன் என் பின்லைட்டை மட்டுமே பார்த்து மலை ஏறினான். நான் இல்லாவிட்டால் இந்நேரம் டம்டம் பாறையில் நின்று அழுதுகொண்டிருப்பான்.

தங்கச்சி செல்வி கல்யாணமாகிக் கோட்டயம் போனவள். இப்போதுதான் குடும்பத்தோடு இந்தப் பக்கம். மாப்பிள்ளை பிஜுவுக்குக் கொடைக்கானல் டவுன் ஹோட்டலில் கேக் மாஸ்டர் வேலை. நான் ஹோட்டல்காரரிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். (விளம்பரம் பார்த்து அவரே எழுதிப் போட்டார் என்றும் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும்.)

அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. பால் காய்ச்சி முடிக்கும் முன்பே மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டார். அவர் பாஷையில் மச்சானுக்கு அளியன். "அளியா, மோளுக்கு நல்ல ஸ்கூல் கிட்டணும். தொறக்குறதுக்குள்ள கிட்டலேன்னா இவங்க ரெண்டு பேரும் கோட்டயம் திரும்பிப் போகும். நான் மட்டும் இங்க நிக்கும்."

செல்வி பாத்திரத்தைத் துடைத்தபடியே நின்றாள். அவளுக்கு இங்கேயே இருக்க ஆசை. வாய்விட்டுக் கேட்க மாட்டாள். சின்னதிலிருந்தே அப்படி.

"ஸ்கூல்தான? எந்த ஸ்கூல் வாசக் கேட்டு என் ஹாரனுக்குத் தொறக்காதுன்னு சொல்லுங்க மாப்ள" என்றேன்.

செல்வியின் மகள், என் மருமகள் மீனு. மூன்றாவது முடித்தவள், கணக்கில் புலி. தமிழ் பேசுவாள், பாதி மலையாளம் கலந்து. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வழியெல்லாம் ஊர்ப் பலகையை இங்கிலீஷில் படித்துவிட்டு ஒரே சிரிப்பு. மலையாளத்தில் பட்டி என்றால் நாயாம். அட்டுவம்பட்டிப் பலகையைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நாயிலயா நாம தாமசிக்கப் போறோம்?" தாமசம் என்றால் அவளுக்குக் குடியிருப்பது.

ஆனால் நான் கிட்டே போனால் மட்டும் "அம்மாவா" என்கிறாள். ஓடிப்போய் அவள் அம்மாவைக் கூட்டிவந்து நிறுத்தினேன். மாமனைக் கண்டு பயம் போல. மீசை காரணமாக இருக்கலாம்.

மே 28, புதன்

சாரல். சீசன் கூட்டம், ஏரி ரோடு முழுக்க வண்டி.

முதலில் பெரிய இங்கிலீஷ் ஸ்கூல். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி சல்யூட். அது வண்டியைத் திருப்பச் சொன்ன கை என்கிறாள் என் வீட்டுக்காரி பேச்சி. அவள் பின் சீட்டில் இருந்தாள், அவளுக்கு என்ன தெரியும். எப்படியோ, அங்கே இடம் இல்லை.

அடுத்து டவுனுக்குள் இன்னொன்று. ஆபீஸ் மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "தமிழ் எழுத்தே தெரியலன்னா ஒண்ணாங் கிளாஸ்லதான் சார் போடணும்."

"மேடம், மூணு வருசமும் ஃபர்ஸ்ட் ரேங்க்" என்றேன். (ஒரு வருசம் என்று செல்வி பிறகு சொன்னாள்.)

"அது கேரளால சார்."

மீனுவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திரும்பும்போது பலகைகளைப் படிக்கவில்லை. சிரிப்பும் இல்லை. பேச்சி வாங்கிக் கொடுத்த கேரட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். மாப்பிள்ளை வாசலில் நின்று கோட்டயத்துக்கு போன் பேசினார். எனக்கு மலையாளம் தண்ணி பட்ட பாடு, என் ஜீப்பில் ஏறாத மலையாளி ஜோடி உண்டா? அவர் பேசியதில் 'பழைய ஸ்கூல்' மட்டும் பிடிபட்டது. அதுவே போதுமாக இருந்தது.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டேன்.

மே 30, வெள்ளி

வெயில்! துணி காய்ந்தது.

மீனு வாசலில் நின்று "அம்மாவா, அம்மாவா" என்று கத்தினாள். "ஏ செல்வி, புள்ள கூப்பிடுது, வெரசா வா" என்று நானும் கத்தினேன். செல்வி வந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து சிரிக்கிறாள்.

"அண்ணே, அவ ஒன்னையத்தான் கூப்பிடுறா. அவுகள்ல தாய்மாமனுக்கு அம்மாவன்னுதான் பேரு."

பேச்சி விடுவாளா? "தண்ணி பட்ட மலையாளமாக்கும். புள்ள வந்த நாள்லருந்து மாமா மாமாங்குது, இவரு அம்மாவத் தேடிக்கிட்டு அலையுறாரு!"

அலைந்தால் என்ன. பயம் இல்லை என்று தெரிந்தது. ஜீப்பில் முன் சீட்டில் வைத்துப் பேத்துப்பாறை வரை ஒரு ரவுண்டு. வழியில் கண்டவர்களிடமெல்லாம் "எம் மருமக, எட்டு பாஷை" என்றேன். மூன்று தெரியும்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் நாள். வெள்ளனே நல்ல மழை, பிறகு விட்டது. எங்கள் பக்கத்திலேயே இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம். ஓட்டுக் கட்டடம், பின்னால் பூண்டு வயல். மாப்பிள்ளைக்கு முகமே சரியில்லை. இதுதான் கடைசி.

ஹெச்.எம். டீச்சர், தடித்த கண்ணாடி, சிரிக்காத முகம். நான் முந்திக்கொண்டேன். "புள்ள தமிழ் பேப்பர் ஒரு வரி விடாம பாக்கும் டீச்சர்."

டீச்சர் மேஜையிலிருந்த பேப்பரை அப்படியே அவள் பக்கம் தள்ளிவிட்டார். செல்வி என்னைப் பார்த்த பார்வை! மீனு பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மாவா..."

"அம்மாவத் தேடுதே. பச்சப் புள்ளையா இருக்கு, ஒண்ணாவதுலயே இருக்கட்டுமே" என்றார் டீச்சர்.

"இல்லைங்க டீச்சர்! என்னையத்தான் கூப்பிடுது. மலையாளத்துல தாய்மாமன். பேப்பர்ல படந்தான் பாக்கும், எழுத்து தெரியாது. நாந்தான் கூட்டிச் சொல்லிட்டேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாவன்னா மாமாவா? அப்பத் தண்ணிக்கு என்ன?"

"வெள்ளம்."

"ஆத்தாடி! அப்ப மழ பெஞ்சா வர்ற வெள்ளத்துக்கு?"

"வெள்ளப்பொக்கம்." மீனுவுக்குக் குரல் வந்துவிட்டது. "டீச்சர், பட்டின்னா என்னன்னு தெரியுமோ?" சொன்னதும் டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. "நான் பொறந்தது ஆண்டிபட்டிடி!"

பிறகு கணக்கு. வகுத்தல் கொடுத்தார். டீச்சர் பேனாவை மூடும் முன் விடை வந்தது. (இது கூட்டிச் சொன்னதல்ல.)

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாப் பாடத்துக்கும் நாலாவதுல இரு. தமிழ் பீரியடுக்கு மட்டும் ஒண்ணாவதுக்குப் போய் எழுத்துப் படி. ஒனக்குச் சம்மதமா? மத்தவங்களக் கேக்கல, ஒன்னையக் கேக்குறேன்."

மாப்பிள்ளை கைக்குட்டையை முறுக்கினார்.

"ஒண்ணாவதுல பெஞ்சு சின்னதா இருக்குமோ? எனிக்குப் பத்துமா?"

"பெஞ்சே இல்ல. தரைதான். தர எல்லாத்துக்கும் பத்தும்."

மீனு யோசித்தாள். "எங்கில் சரி." அப்படியென்றால் சரியாம்.

ஜூன் 3, செவ்வாய்

மேகம். சவாரி ஒன்றுமில்லை. பள்ளிக்கூட வாசலில் ஜீப்பைப் போட்டுவிட்டுக் கிடந்தேன். சோலி இல்லாமல் அல்ல, பாதுகாப்புக்கு.

சாயங்காலம் மீனு ஓடி வந்தாள். ஒன்றாம் வகுப்பில் அவள்தான் உசரமாம், உயரத்தில் மாட்டிய சார்ட்டை எடுத்துக் கொடுத்தாளாம், குட்டிகள் 'அக்கா, அக்கா' என்று விடவே இல்லையாம். அ, ஆ, இ கற்றாயிற்று. ஈ நாளைக்கு.

டீக்கடையில் சொன்னேன். "இந்தக் கொடைக்கானல்லயே ஒரே நேரத்துல ரெண்டு கிளாஸ் படிக்கிற புள்ள எம் மருமகதான். கலெக்டரே கேள்விப்பட்டு விசாரிச்சாராம்." யாரும் மறுக்கவில்லை. பேச்சி அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை வாசலில். செல்வி உள்ளே அடுப்படியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள், அவள் பாடிக் கேட்டு எவ்வளவு நாள்!

"அளியா, கோட்டயத்துல உள்ள கேஸ் கனெக்ஷன இங்கோட்டு மாத்தணும். எங்க போகணும்?"

அடுப்பு இங்கே என்றால் குடும்பமும் இங்கேதான். "கேஸ் ஏஜென்சிக்காரரா? நம்ம ஆளு மாப்ள, கூடப் பொறக்காத தம்பி" என்றேன்.

நாளைக்கு வெள்ளனே போய் அவர் யார் என்று பார்க்க வேண்டும்.