கொலையாளி யார் என்று சொல்லிவிட்டேன்

மார்ச் 4

இன்றைக்குப் போட்ட வீடியோ பிய்த்துக்கொண்டு போகிறது! "படிக்கவே பிடிக்காதவங்களுக்கு மூணு புத்தகம்." முடிவைச் சொல்லாமலே ஆசையைக் கிளப்பிவிடுகிறேனாம், கீழே ஒருத்தர் எழுதியிருக்கிறார். அதுதானே என் கொள்கை? முடிவைப் போட்டு உடைக்கிறவர்களை உடனே பிளாக். தயவு தாட்சண்யம் கிடையாது.

அக்காவைத் திரும்பவும் வார்டில் சேர்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்கிறார் மாமா, அவள் வீட்டுக்காரர். அவளே போன் பண்ணி, "ஏய் பைத்தியம், ஊருக்கெல்லாம் புக்கு சொல்ற, எனக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றாள். பள்ளிக்கூடத்தோடு படிப்பதை விட்டவள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 5

மூன்று கொண்டுபோனேன். கலங்கரை விளக்கத்தில் நடக்கிற கொலை நாவல் ஒன்று. பறவைக் கையேடு. அப்புறம் ரத்தத்தைப் பற்றிய அறிவியல் புத்தகம் — அதற்காக நான் உயிரையே விடுவேன். ஒரு சொட்டுக்குள் ஊரே ஓடிக்கொண்டிருப்பது மாதிரி எழுதியிருக்கும்.

கையேட்டைப் புரட்டிவிட்டு, "இந்த ஜன்னலுக்குப் புறா மட்டும்தான்டி வருது. அதுக்கு இவ்ளோ பெரிய புக்கா?" என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் அதை வாங்கிக்கொண்டார்.

மார்ச் 9

நாவலில் பாதி தாண்டிவிட்டாள்! விளக்கை அணைக்க வந்த நர்ஸிடம் சண்டையாம். சமையல்காரன்மேல்தான் சந்தேகமாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்கிறாள், கள்ளி. நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே ரத்தப் புத்தகத்தையும் எடுக்கிறாளாம். ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம்! என் அக்காவா இது?

மார்ச் 12

மாமா என்னை வார்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

அந்த ரத்தப் புத்தகத்தின் பின்பாதியில் அக்காவின் நோய்க்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. எத்தனை பேர் பிழைக்கிறார்கள், எவ்வளவு காலம், எல்லாம். அக்கா அதைப் படித்து, தன் நோய்தான் என்று புரிந்துகொண்டுவிட்டாள். இவ்வளவு நாளாக அம்மாவும் மாமாவும் டாக்டரும் சேர்ந்து அவளிடம் மறைத்துவைத்தது அதைத்தான். என்னிடமும் சொல்லவில்லை.

"உனக்கு வாய் நிக்காதுன்னுதான் சொல்லல. இப்ப வாயே தொறக்காம சொல்லிட்ட."

மாமா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

அந்த அத்தியாயத்த நான் படிச்சிருக்கேன். பச்சைப் பென்சில்ல கோடு வேற போட்டு வச்சிருக்கேன், அழகா எழுதியிருக்காங்கன்னு. எனக்கு யாரும் நோய் பேரையே சொல்லலையே — சரி, சொல்லல. நான் கேட்டேனா? ஒரு தடவையாவது, என்ன நோய்னு வாயத் தொறந்து கேட்டேனா?

மார்ச் 13

போகவில்லை.

மார்ச் 14

அக்காவே கூப்பிட்டு அனுப்பினாள். திட்டப் போகிறாள் என்று போனேன். பச்சைக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் நல்லாருக்குன்னு போட்டியா?" எனக்குத் தலை நிமிரவில்லை.

"எனக்கும் நல்லாத்தான்டி இருந்துச்சு. ஆளாளுக்கு வந்து தேறிடுவே தேறிடுவேன்னுட்டு, வெளிய போய் மூக்க உறிஞ்சுறாங்க. இது ஒண்ணுதான் எங்கிட்ட நேரா பேசுச்சு."

பிறகு நாவலை என் மடியில் போட்டாள். எழுத்தெல்லாம் நீந்துகிறதாம். கொலை பண்ணினது யார் என்று சொல்லச் சொன்னாள். நானே வாசித்துக் காட்டுகிறேன் என்றேன்.

"நாளைக்கு வேற மருந்து ஏத்துறாங்க. அப்புறம் தூக்கம்தானாம். இப்பவே சொல்லிடு."

மாட்டேன் என்றேன். நீ எழுந்து உட்கார்ந்து நீயே படி என்றேன். சிரித்தாள். "போடி, பெரிய கொள்கை."

கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது. அதைச் சொல்லிட்டா அவளுக்கு மிச்சம் ஒண்ணும் இல்லாமப் போயிடும்னு பயம். சொல்லாமலே வீட்டுக்கு வந்துட்டேன். எதுக்கு வந்தேன்?

மார்ச் 15

விடிந்ததும் ஓடினேன். நல்லவேளை, விழித்திருந்தாள். விசாரிக்க வந்த டாக்டர்தான் கொலைகாரன் என்றேன். எந்தப் பொய்யில் மாட்டினான், கடைசியில் அந்தக் கலங்கரை விளக்கை யார் ஏற்றுகிறார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டரா? சரிதான். இங்க ஊசியோட வர்றவர்கிட்டயும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்."

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

மாமா உள்ளே வந்தார். நான் வெளியே வந்தேன்.

மார்ச் 19

அக்கா.

ஏப்ரல் 6

என்னம்மா ஆச்சு, ஏன் வீடியோ இல்லை என்று கேட்கிறார்கள். கடிவாளம் அவிழ்ந்த மாதிரி பேசுவேனே, இப்போது கேமரா முன்னால் உட்கார்ந்தால் எதுவும் வரவில்லை. யாருக்கு என்ன உடம்போ. எந்தப் பக்கத்தில் என்ன இருக்குமோ.

ஏப்ரல் 20

மாமா வந்தார். அன்றைக்கு வார்டு வாசலில் பேசியதோடு சரி, அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. ரத்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். நாவலைக் கையிலேயே வைத்திருந்தார். செய்தித்தாள் தவிர எதையும் தொடாத மனுஷர்.

"மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி எங்கிட்டயும் சொல்லிட்டா, டாக்டர்தான்னு. அவ்ளோ சந்தோஷமா சொன்னா." நாவலின் அட்டையைக் கையால் துடைத்தார். "யாருன்னு தெரிஞ்சப்புறமும் படிக்கலாமா இத?"

தாராளமாகப் படிக்கலாம் மாமா என்றேன். தெரிந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன். பொய் இல்லை.

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நான் மெதுவாத்தான் படிப்பேன். பரவால்லையா?"