தெரேஸ் அக்கா வாசித்துச் சொன்ன கொரியப் படங்கள்

என் அருமை தெரேஸ் அக்காவுக்கு,

நூர்ஜஹான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு கடிதம் போடுகிறாளே என்று சிரிக்காதீர்கள். சுவரைத் தட்டினால் "என்னாடி?" என்று நீங்கள் குரல் கொடுத்தவரைக்கும் எனக்கு எழுதும் வேலை இருக்கவில்லை.

நேற்று கல்லறைத் திருநாள். உங்கள் மகன் அந்துவானுக்கு பிரான்சில் லீவு கிடைக்கவில்லை. நானும் என் மகள் சமீனாவும் போய் உங்கள் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். காற்று விடுவேனா என்றது. சமீனா துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த அம்மாள், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழமைல ரெண்டு பேரும் சேந்து கொரியப் படம் பாப்போம்" என்றேன்.

உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது அக்கா. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்த உடனே சண்டை போட்டு நமக்குப் பழக்கமில்லை. முதலில் படம் பேசுவோம்.

ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் திரும்பி வந்து, நான் பிரியாணிச் சட்டியோடு உங்கள் வீட்டுக்குள் நுழைந்தால், மதியச் சாப்பாட்டோடு படம் ஆரம்பம். டி.வி.யும் அந்துவான் வாங்கி வைத்தது, இன்டர்நெட்டில் படம் பார்க்கும் கணக்கும் அவனுடையது. அதனால் கீழே ஓடும் எழுத்து பிரெஞ்சில் வரும். எனக்குப் பிரெஞ்சில் தெரிந்ததெல்லாம் 'மெர்சி' மட்டும். கொரியப் படம் என்றாலே எழுத்து பிரெஞ்சில்தான் வரும்போல என்று நானும் மூன்று வருஷம் நம்பினேன். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்லுவீர்கள். பத்திரம் எழுதும் நொத்தேர் ஆபீசில் காலமெல்லாம் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிய கை அல்லவா? "ஒரு கமாவ விட்டா ஒரு வீடு கை மாறிடும்டி" என்பீர்கள். உங்கள் வாயிலிருந்து வந்ததை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

பேய்ப் படத்தில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. நம் பேய்களுக்கு அவசரம் அதிகம். வந்ததும் தலைமுடியை விரித்துக் கத்த வேண்டும். கொரியப் பேய் பொறுமைசாலி. அரை மணி நேரம் எட்டிக்கூடப் பார்க்காது. குழாய் சொட்டும், ஒரு கதவு லேசாகத் திறந்திருக்கும், அதற்கே நமக்குச் சோறு இறங்காது. கடைசியில் அது வந்து நிற்கும்போது பயத்தைவிடப் பாவமாகத்தான் இருக்கும். அதற்கும் ஒரு குறை, கேட்க ஆளில்லை. நீங்கள் நெஞ்சில் சிலுவை போடுவீர்கள், நான் பிஸ்மில்லா சொல்லுவேன். "ரெண்டு பக்கமும் காவல் போட்டாச்சு, இனிமே அது வந்தா அது பாடு" என்று தட்டைக் கையில் எடுப்பீர்கள்.

பழிவாங்கும் படங்கள் எனக்கு ஆகாது என்றுதான் நினைத்திருந்தேன். நம்மவர்கள் வில்லனை அடித்துப் போட்டதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நடந்து வருவார்கள். நாம் பார்த்த படத்தில் கொன்று முடித்தவன் ரோட்டோரம் குந்திக்கொண்டு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கப் பார்க்கிறான். திருகித் திருகிப் பார்த்தும் முடியவில்லை. பாட்டு இல்லை, மேளம் இல்லை. அவன் ஜெயிக்கட்டும் என்று அதுவரை துடித்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது. பார்க்கிறவளை வெட்கப்பட வைக்கிற சினிமா லேசுப்பட்டதா?

போலீஸ் படமும் அப்படித்தான். தப்பான ஆளைப் பிடித்து அடித்துவிடுகிறார்கள். தப்பு என்று தெரிந்ததும் அந்த இன்ஸ்பெக்டர் அவன் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்கிறான். உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அந்தக் காட்சிக்கு மட்டும் நீங்கள் ஒன்றும் வாசிக்கவில்லை, வசனமே கிடையாது. நாம் இரண்டு பேரும் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தோம்.

காதல் படங்களில் உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போனதில்லை. முக்கால் படம் முடிந்தும் ஒரே குடைக்குள் தோள் படாமல் நடக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். "மோந்தியே! இந்த வேகத்துல போனா இவளுக்கு அறுபது வயசாயிடும்" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். ராஜா காலத்துப் படம் என்றால் எனக்குத் தூக்கம்தான். அவ்வளவு பெரிய கொண்டையை வைத்துக்கொண்டு அந்த ராணிகளுக்குச் சதி செய்ய எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ! குறை சொல்ல வேண்டுமானால் இன்னும் உண்டு. பணக்காரன் என்றாலே கெட்டவன். மனசு சரியில்லை என்றாலே மழை. அப்புறம் எந்நேரமும் குடிக்க அந்தப் பச்சை பாட்டில். தெருவுக்குத் தெரு சாராயக் கடை பார்த்து வளர்ந்த புதுச்சேரிக்காரிகள் நாம், நமக்கே மலைப்பாக இருந்தது.

சிரிப்புப் படங்களில்தான் அவர்களுடைய முழுக் கெட்டிக்காரத்தனமும் தெரிகிறது. அப்பாவின் சாவு வீட்டில், வந்தவர்களுக்குச் சூப் போதவில்லை என்று மூன்று பிள்ளைகள் சண்டை போடுவார்களே, அதில் எனக்குப் புரையேறி நீங்கள் தலையில் தட்டினீர்கள். அதே வீட்டில் கடைசி மகன் அப்பாவின் கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைக்கிறான். இனி அதை யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்? நீங்கள் போன அன்றைக்கு, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, நானும் உங்கள் கண்ணாடியைத் துடைத்து டி.வி. பக்கத்தில் வைத்தேன். வைத்த பிறகுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் எல்லாரிடமும் மெச்சிப் பேசிக்கொண்டிருந்தேன். எந்தப் படமானாலும் ஆபத்து என்று வந்தால் குழந்தையைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தது, குழந்தை சித்தி வீட்டில். பிணங்கள் எழுந்து ஓடி வந்து கடித்தன, குழந்தை சித்தி வீட்டில். படத்தில் அம்மாக்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், "பிரிஞ்சிருக்க முடியலையாம்" என்பீர்கள். என்ன பொறுப்பான ஜனங்கள் என்று நான் மெய்மறந்து போவேன்.

இப்போது அந்த நூடுல்ஸ் கடைப் படத்துக்கு வருகிறேன்.

அப்போது சமீனா என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாத்தனார் மகனுக்கு அவளைத் தருவதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் மாட்டேன் என்று சென்னையில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினாள். "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று சொன்னது நான்தான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வீட்டில் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்தி. அவளே முதலில் கூப்பிடட்டும் என்று வீம்பாக இருந்தேன். நீங்கள் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என் குணம் உங்களுக்குத் தெரியும், எடுத்திருந்தால் உங்கள் வீட்டு வாசலையும் மிதித்திருக்க மாட்டேன்.

அந்தப் படத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நூடுல்ஸ் கடை போட்டிருக்கும் ஒரு அம்மா. சண்டை போட்டுக்கொண்டு மகள் பஸ் ஏறிவிடுகிறாள். ஈரக் கையோடு ஓடி வந்த அம்மா, ஜன்னல் பக்கம் நின்று ஏதோ சொல்கிறாள். நீங்கள் நிதானமாக வாசித்தீர்கள்: "வாய்க்கு வந்ததப் பேசுனது நான். நானே முதல்ல கூப்பிடுறேன். நீ எடுத்தா போதும்."

அன்று சாயங்காலம் சமீனாவுக்குப் போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். "ம்மா?" என்றாள். "சாப்ட்டியா?" என்றேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. மாதம் ஒரு தடவை அவள் வீட்டுக்கு வருவது அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான்.

இந்தத் தவக்காலத்தில் நீங்கள் போனீர்கள். டி.வி.யை என்னையே வைத்துக்கொள்ளும்படி அந்துவான் போனில் சொன்னான். அதைத் தொடவே மனசு வரவில்லை. திருநாளுக்காகப் போன வாரம் வந்த சமீனா, "என்னைக் கூப்பிட வச்ச அந்தக் கொரியா அம்மாவக் காட்டும்மா" என்று பிடிவாதம் பிடித்தாள். படத்தைப் போட்டதும், "என்னம்மா இது, பிரெஞ்சு வருது?" என்று ரிமோட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். எழுத்து ஆங்கிலத்துக்கு மாறியது. "இது தெரியாமலா இத்தனை வருஷம் பாத்தீங்க ரெண்டு பேரும்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

பஸ் வந்தது. அம்மா ஓடி வந்தாள். ஜன்னல் பக்கம் நின்று பேசினாள். சமீனா படித்தாள்: "ஜன்னலைச் சாத்து. குளிரும்."

அவ்வளவுதான் அக்கா. திருப்பிப் போடச் சொன்னேன். நிறுத்தி, நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்த அம்மா மன்னிப்பும் கேட்கவில்லை, கூப்பிடுகிறேன் என்றும் சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

கோபம் வந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். கமாவைக்கூட விடாத தெரேஸ் அம்மாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பொய் வாசித்திருக்கிறார்களே! வெள்ளத்துப் படத்தையும் போடச் சொன்னேன். அந்தக் குழந்தை எந்தச் சித்தி வீட்டுக்கும் போகவில்லை, செத்துவிட்டது என்று வசனத்தில் மட்டும் வருகிறது. எனக்குக் குழந்தை சாகிற கதை தாங்காது என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டு, மூன்று வருஷம் கொரியாவுக்கே சித்தி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். சமீனா என் முகத்தைப் பார்த்து டி.வி.யை அணைத்துவிட்டாள். "மத்த படத்தையும் சரிபாக்கணுமாம்மா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சினிமா என்று பார்த்தால் கொரியாக்காரன் எழுதியதுதான் பெரிய வசனம். மனசுக்குள் இருக்கும் அத்தனையையும் விழுங்கிவிட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாளே, அதற்கு மேல் ஒரு தாய் என்ன பேச முடியும்? அவர்களுடைய படங்கள் என்னைக் கட்டிப்போடுவதே இதனால்தான். ஆனால் அன்றைக்கு அது எனக்கு எட்டியிருக்காது. அந்த அம்மாவும் என்னைப் போல வீம்புக்காரிதான், பார், அவளும் கூப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டு பிரியாணிச் சட்டியோடு வீட்டுக்கு வந்திருப்பேன். அது தெரிந்துதானே மாற்றினீர்கள்? வாசிக்கும்போது உங்கள் குரல் கொஞ்சமாவது நடுங்கியதா? நான் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

இன்று காலை சமீனாவைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும் முன் அவளிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல நினைத்துத்தான் கிட்டப் போனேன். வாயில் வந்தது, "ஜன்னலச் சாத்துடி, தூசி அடிக்கும்."

சமீனா என்னையே பார்த்தாள். அப்புறம் பாதி ஜன்னலைச் சாத்திவிட்டு, மீதிப் பாதியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நானே முதல்ல கூப்பிடுறேம்மா. நீ எடுத்தா போதும்."

உங்கள் வசனம் அக்கா. எந்தப் படத்திலும் இல்லாதது.

நாம் கடைசியாகப் பார்த்த பேய்ப் படம் பாதியில் நிற்கிறது. தொலைந்த பிள்ளையைத் தாய் தேடிக்கொண்டிருக்கும் இடத்தில், "நூரு, அசதியா இருக்குடி, மீதிய அடுத்த வாரம் பாப்பம்" என்றீர்கள். படத்துக்குக் கீழே அந்தச் சிவப்புக் கோடு பாதி தூரத்தில் அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் சமீனா வந்ததும் மீதியைப் பார்த்துவிட்டு, கல்லறைக்கு வந்து உங்களுக்கு முழுக் கதையும் சொல்வேன். இது சத்தியம். ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகியிருந்தாலும் சரி, நான் சொல்லும்போது அது சித்தி வீட்டில்தான் இருக்கும்.

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் தங்கச்சி நூரு