ஏலத்தில் எடுத்த அரசாணிக்காய்

சிங்காநல்லூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஃபெமினாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று உன்னைக் கேட்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுச் சுகிர்தம் அக்காவைக் கேட்டாலே போதும், உனக்குச் சளி பிடித்ததும் விட்டதும் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நான் போனில் செய்தி அனுப்பினால் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் சபையில் அறுப்பின் பண்டிகை. வழக்கம்போல எல்லாரும் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து படைத்தோம், நான் நம் மாடித்தொட்டிக் கத்தரிக்காய் ஒரு கூடை. ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. செயலர் வின்ஸ்டன் அண்ணன் சுகிர்தம் அக்காவின் அரசாணிக்காயை, மற்ற ஊர்களில் பரங்கிக்காய் என்பார்களே அதை, இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, இது நம் ஃபெமினா ஜெர்மனியிலிருந்து போனில் சொல்லிச் சொல்லி வளர்ந்த காய் என்று மைக்கில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருந்த அக்கா பெருமையாக விவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கொடியின் இலையில் வெள்ளைப் பொடி படிந்ததும் உனக்குப் படம் அனுப்பினார்களாம், நீ உடனே கூப்பிட்டு, யூரியாவைக் குறையுங்கள், அதிகம் போட்டால் செடி வளர்வதிலேயே குறியாக இருந்து நோயை எதிர்ப்பதில் கோட்டை விட்டுவிடும் என்றாயாம். செடிக்குள்ளும் ஹார்மோன் உண்டு, ஓர் இலையைக் கிருமி தாக்கினால் மற்ற இலைகளுக்குச் சேதி போய் அவை தயாராகிவிடும், ஒரு பக்கத்து வேருக்குச் சத்து கிடைக்காவிட்டால் அது இலைக்குச் சொல்லியனுப்பும், இலை மறுபக்கத்து வேரிடம் நீ கூடுதலாக எடு என்று பதில் அனுப்பும் என்றெல்லாம் பொறுமையாகப் பாடம் எடுத்தாயாம். என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று நான் கேட்டபோது உனக்குப் புரியாதும்மா என்றவள் நீ. எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. அக்கா மேலும் பொறாமை, கேட்டதும் பதில் கிடைக்கிற அந்த வேர் மேலும் பொறாமை.

அந்தக் காயை வேறு யாருக்கும் விடக் கூடாது என்று கையைத் தூக்கினேன். ஆண்கள் பக்கம் பின்னாலிருந்து யாரோ விலையை ஏற்றினார்கள். நான் ஏற்ற அவர்களும் ஏற்ற, யாரென்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. வின்ஸ்டன் அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே இன்னும் யாருங்க, இன்னும் யாருங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சபையே சிரித்தது. திரும்பினால் தூணுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கியபடி உன் அப்பா. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை பிடித்தேன். "நம்ம புள்ள சொல்லி வளர்ந்த காய இன்னொருத்தர் ஊட்டுக்கு எப்படி அம்மணி உட்டுப்போட்டு வாரது" என்றார்.

காயைப் பொரியல் செய்தேன், நல்ல இனிப்பு, அதுவும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். அக்காவுக்குக் கொஞ்சம் கொடு என்றார் அப்பா, நான் கொடுக்கவில்லை. நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ கண்ணு, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஆண்டவர் உன் கூடவே இருந்து நல்லபடியாக நடத்தட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. விதையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், நம் மாடியில் போடப் போகிறேன். இலையில் வெள்ளை படிந்தால் உனக்குப் போன் செய்வேன். படியாவிட்டாலும் படிந்திருக்கிறது என்றுதான் சொல்வேன், எடுத்துப் பேசு.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா
கிருபாவதி