சொல்லிவிட்டுப் போகிற விளையாட்டு

தூத்துக்குடி,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

ஜெப்ஸி எழுதுவது. 'பிரியமான' என்று போடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் கடிதத்தை அப்படித் தொடங்கித்தான் பழக்கினார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகமா என்பதை வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நான் வாயைத் திறந்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. மாமியோடு பேசும்போது மட்டும் நடுக்கடலிலும் கணீரென்று கிடைக்கிறது. புன்னைக்காயல் கிளைட்டன் கொழும்பில் உங்கள் கப்பலில் ஏறப் போகிறாராம். ஏதாவது கொடுத்துவிடுகிறீர்களா என்று கேட்க வீட்டுக்கு வந்திருந்தார். மாமி நார்த்தங்காய் ஊறுகாய் கட்டிவைத்திருக்கிறார்கள். நான் இதைக் கொடுத்துவிடுகிறேன். முதலில் இதை வாசியுங்கள், ஊறுகாய் கெட்டுப்போகாது.

நிஸ்ஸியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று பெனிஷா மிஸ் சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். என் பக்கத்தில், பிள்ளைகளுடைய குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தீர்கள். முதல் சில நாள் அம்மாவோ அப்பாவோ வகுப்புக்குள்ளேயே இருந்து பிள்ளையோடு விளையாட வேண்டும். அப்புறம் கதவோரம். அப்புறம் வராந்தா. பிள்ளை விளையாட்டில் ஒன்றிய பிறகுதான் நாம் வீட்டுக்குப் போகலாம். அப்போதும் பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கும்போது இந்தப் பக்கமாக நழுவக் கூடாது, அழுதாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். 'அழுற பிள்ளைய நான் சமாளிச்சுக்கிடுவேன், ஏமாந்த பிள்ளைய என்னால ஒண்ணும் பண்ண முடியாது' என்றார். நீங்கள் 'நூத்துக்கு நூறு கரெக்ட் மிஸ்' என்றீர்கள். பைக்கில் வரும்போது, 'நம்ம ஊர்ல எல்லாரும் பிள்ளைக்கு வேடிக்கை காட்டிட்டுல்லா ஓடுதாங்க, இந்த டீச்சர் நல்ல டீச்சர்' என்று பாராட்டவும் செய்தீர்கள். அதைச் சொல்லும்போதே புதுக் கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தீர்களா, அல்லது அதற்குப் பிறகா? எனக்கு அது தெரிய வேண்டும்.

வகுப்பில் உட்கார என்னைப் போகச் சொன்னதும் நீங்கள்தான். அப்போது வேலை பார்த்த கப்பல் ஏஜென்ட் ஆபீசில் உங்களுக்கு லீவு தரமாட்டார்கள் என்றீர்கள். நான் எங்கள் மீன் கம்பெனி மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினேன். 'உள்ள போனதும் போனை ஆஃப் பண்ணிரு, பிள்ளைக்குத் தொந்தரவு' என்று தினமும் சொல்லி அனுப்பினீர்கள். எவ்வளவு அக்கறையான அப்பா என்று நினைத்துக்கொண்டேன். பேத்தி முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று மாமாவும் மாமியும் சாயர்புரத்திலிருந்து வந்து தங்கினார்கள். அதையும் நம்பினேன். காதில் பூ சுற்றுகிறவர்கள் ஒரு வீடு நிறைய இருந்தால் நம்பாமல் என்ன செய்வது.

அங்கே ஒரு விளையாட்டு உண்டு. உங்களிடம் முன்பே சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் இன்னொரு தடவை கேளுங்கள். வகுப்பின் மூலையில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை எழுந்து 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டு அதற்குப் பின்னால் போகும். மற்றவர்கள் 'போயிட்டு வா' என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டுப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் போன பிள்ளை வெளியே வரும். உடனே கைதட்டலும் கூச்சலும் காதைப் பிளக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. நிஸ்ஸி முதலில் என்னைத்தான் திரைக்குப் பின்னால் அனுப்பினாள். பாட்டு முடிவதற்குள் ஓடிவந்து சேலையை விலக்கிப் பார்த்தாள். அடுத்த நாள் பாட்டு முடியும்வரை பொறுத்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள் அவளே போய் ஒளிந்துகொண்டாள். பெனிஷா மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் இருந்தது.

நீங்கள் போன அன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில் ஃபிரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கப்பலாக வைத்திருக்கிறார்கள், மரக்கட்டைகள்தான் கன்டெய்னர். ஹார்பர் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறென்ன விளையாட்டு வரும். லாரி ஓட்டுகிறவர் மகன் சிவபாலன் கட்டைகளைக் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுக்க, நம் மகள் பெட்டிக்குள் நின்றுகொண்டு, 'ஏத்து, சீக்கிரம் ஏத்து' என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். மிஸ் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் பக்கத்தில் போய், 'அம்மா வராந்தால இருக்கேன்' என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'சரி, போ' என்றாள்.

அந்த 'சரி, போ'வை உங்களுக்குச் சொல்லத்தான் வராந்தாவுக்கு வந்ததும் போனை ஆன் செய்தேன். உங்கள் செய்தி வந்து காத்திருந்தது. 'சாரி ஜெப்ஸி. நேர்ல சொன்னா அழுவ, என்னால கிளம்ப முடியாது. ஆறு மாசம்தான். அப்பா விவரமா சொல்லுவாங்க.' கடைசியில் கும்பிடுகிற கை ஒன்று. நான் கூப்பிட்டேன். உங்கள் போன் அணைந்திருந்தது. அதற்குள் நீங்கள் வாகைக்குளத்தில் விமானம் ஏறிவிட்டீர்கள்.

நீங்கள் கப்பலுக்குப் போனதில் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். போன தடவை நீங்கள் திரும்பி வந்தபோது, யாரோ மாமா என்று நிஸ்ஸி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நீங்கள் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, இனிமேல் கப்பல் வேண்டாம், இருக்கிறதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். நானாகக் கேட்கவில்லை, நீங்களாகச் சொன்னது. சரி, சம்பளம் போதவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் சொல்லியிருக்கலாமே. நான் அழுதிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். பிறகு உங்கள் சட்டைகளையெல்லாம் நானே இஸ்திரி போட்டு அடுக்கியிருப்பேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அது உங்களுக்குத் தெரியாதா? பிள்ளைக்கு மரக்கட்டையைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். நீங்கள் எனக்குப் பிள்ளையையே கொடுத்து உட்கார வைத்துவிட்டு நழுவிவிட்டீர்கள்.

மாமாவிடம் கேட்டேன். 'எங்களுக்கும் கடைசி நேரத்துலதான் தெரியும்ளா' என்றார்கள். அதையும் நம்பித்தான் இருந்தேன். போன சனிக்கிழமை சாயர்புரம் சபை அற்புதமணி அக்கா வீட்டுக்கு வந்தார்கள். 'பெவின் நல்லபடியா போய்ச் சேந்துட்டானா? அன்னைக்கு உங்க மாமா ஸ்தோத்திர காணிக்கை வச்சு வாசிச்சப்பமே நெனச்சேன், கெளம்பிருவான்னு' என்றார்கள். நீங்கள் கிளம்புவதற்கு முன் நாம் எல்லாரும் சாயர்புரம் கோயிலுக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைதான். 'கிருபாநிதி குடும்பத்தார், மகன் பெவினுக்குப் புதிய கப்பலில் வேலை கிடைத்ததற்காக' என்று மைக்கில் வாசித்தார்களாம். சபை முழுவதும் கேட்டிருக்கிறது. கேட்காதது நான் ஒருத்திதான். அறிவிப்பு தொடங்கும்போது நீங்கள் என் காதில், 'பிள்ள சத்தம் போடுதா, கொஞ்சம் வெளிய வச்சிரு' என்றீர்கள். நான் புங்கமரத்தடியில் நிஸ்ஸிக்குக் காக்கா காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் போகப் பயம். ஊருக்குச் சொல்லாமல் போக மனசில்லை. பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லாமல் போகலாம். அக்கா சொன்னதைக் கேட்டு மாமி தலையைக் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா, 'நல்லதுக்குத்தான் செஞ்சோம், இதப் பெருசாக்காத' என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்கள். கோயிலில் என்னைப் பார்க்கிறவர்கள் இனி எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

என் அவமானம் கிடக்கட்டும். நிஸ்ஸி விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்குத்தான். அன்று மதியம் பைக்கில் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவதாக அவளிடம் சொல்லியிருந்தீர்கள். நினைவிருக்கிறதா? கப்பலில் எத்தனை பெட்டி ஏற்றினாள் என்று உங்களிடம் சொல்ல, பையை மாட்டிக்கொண்டு கேட் அருகே நின்றாள். மாமா ஆட்டோவில் வந்தார்கள். அவள் ஏற மறுத்து, 'அப்பா பைக்கு வரும்' என்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாமா விரலைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்கு மேலும் ஒன்று செய்தீர்களே. மூன்று நாள் கழித்து வீடியோவில் வந்து, 'அப்பா ஹார்பர்ல இருக்கேன், சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டீர்கள். நான் அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் திரை இருண்டுவிட்டது. அவள் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். தெருவில் போன ஒவ்வொரு பைக்குக்கும் எழுந்து நின்றாள். செருப்போடுதான் தூங்கினாள். 'சின்னப் பிள்ளதான, மறந்துரும்' என்று மாமா சொல்கிறார்கள். மறந்துவிடுவாள்தான். போன தடவை உங்களை மறந்தாளே, அப்படி.

இப்போது நான் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் மடியை விட்டு இறங்குவதில்லை. என் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றி வைத்துக்கொள்கிறாள். அட்டைப்பெட்டிப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறாள். நேற்று அந்தத் திரை விளையாட்டில் சிவபாலன் 'போயிட்டு வாரேன்' என்று எழுந்தான். இவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, 'போவாத, போவாத' என்று கத்தி, அவன் போய்விட்டதும் கையைக் கடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்து அவன் வந்துவிட்டான். எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். இவள் தட்டவில்லை. என் மடிக்கு வந்து, 'அவன் வந்துட்டான்' என்றாள். அவள் கேட்டது என்னவென்று எனக்குத் தெரியும்.

பெனிஷா மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது சொல்லாமல் போய்விட்டார்களா என்று கேட்டார். உங்கள் மானத்தைக் காப்பாற்ற, 'இல்லை' என்றுதான் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. சொன்னேன். அவர் உங்களைத் திட்டவில்லை. அம்மா ஆயிரம் தடவை விளக்கினாலும் பத்தாது, போனவரே சொன்னால்தான் பிள்ளை மறுபடி நம்பும் என்றார். என் லீவு இந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குமேல் நான் அவளை அங்கே எப்படி விடுவேன், வேலைக்கு எப்படிப் போவேன் என்று தெரியவில்லை.

ஆகையால் ஒன்று செய்யுங்கள். கொழும்பில் சிக்னல் நன்றாகக் கிடைக்குமாம். கப்பலில் மேலதிகாரிகள் யாரும் உங்களைக் கூப்பிடாத நேரமாகப் பார்த்து நிஸ்ஸியிடம் வாருங்கள். கப்பலை அவளுக்குக் காட்டுங்கள். அப்பா இங்கே இருக்கிறேன், உன்னிடம் சொல்லாமல் வந்தது அப்பா செய்த தப்பு என்று சொல்லுங்கள். இன்றைக்கு வரமாட்டேன், நாளைக்கும் வரமாட்டேன் என்று சொல்லுங்கள். ஆறு மாதம் என்று எனக்கு எழுதினீர்கள். கிளைட்டன் விவரம் தெரியாமல், 'ஒம்பது மாசக் கான்ட்ராக்ட்லா அக்கா' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒன்பது மாதம் என்றால் கிறிஸ்மஸ் முடிந்து, ஈஸ்டருக்கு முன்னால் குருத்தோலை பிடித்துக்கொண்டு போகிற சமயம். அப்படியே சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். நிச்சயமாகத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஐஸ்கிரீம் பேச்சு எடுக்க வேண்டாம்.

அவள் அழுவாள். வெகுநேரம் அழுவாள். உடனே அணைத்துவிடாதீர்கள். அழுது முடியும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருங்கள். பிறகு, போயிட்டு வாரேன் என்று சொல்லி, அவள் ஏதாவது பதில் சொன்ன பிறகு வையுங்கள். ஒரு பிள்ளையின் அழுகையைத் தாங்க முடியாதவர் கடலை எப்படித் தாங்குகிறீர்களோ, எனக்குப் புரியவில்லை.

காற்றும் கடலும் உங்களுக்கு அடங்கியிருக்கட்டும். மோட்டார்ப் பக்கம் வேலை செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை கோபம் இருந்தாலும் ஜெபத்தில் உங்கள் பெயரை நான் ஒருநாளும் விட்டதில்லை, இனியும் விடமாட்டேன். கர்த்தர் உங்களைக் கரை சேர்ப்பாராக.

நிஸ்ஸியிடம் நீங்கள் சொல்லும்போது போனைப் பிடித்துக்கொண்டு நான்தான் அவள் பின்னால் உட்கார்ந்திருப்பேன். திரையில் என் முகம் தெரியாது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜெப்ஸி.