தகட்டில் விழுந்த நாள்

2011 மாசி 12, சனி

குஞ்சு, இண்டைக்கு உன்ட மாமாவின்ட நெற்றியை உடைச்சுப்போட்டன்.

உன்ட அப்பாவின்ட நினைவுக்கு எவர்சில்வர் தகட்டில் பேர் வெட்டுவம் எண்டு மாமா என்னை டவுனில் லேசர் கடைக்குக் கூட்டிப்போனார். வெளிச்சம் விட்டு விட்டு அடிச்சுத் தகட்டைச் சுட்டு எழுதினது.

"உப்புக்காத்துக்கும் அழியாது அக்கா," எண்டார் கடைக்காரர்.

அப்பாவின்ட பேர் வந்தது. சுனாமி கொண்டுபோன மார்கழி இருபத்தாறு வந்தது. அதுக்குக் கீழே உன்ட பேரும் வந்தது.

"இது என்ன அண்ணன்?"

"சண்டைக்கு இயக்கம் பிடிச்சுக்கொண்டு போன பிள்ளை, சண்டை முடிஞ்சும் வரல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே நாளில திவசம் குடுப்பம் தங்கச்சி."

சுனாமி நாள் நீ என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தவன். உன்ட பேருக்குக் கீழே 'மறைவு' எண்டு எழுதி முடிஞ்சு, திரும்பவும் மார்கழி எண்டு தொடங்கினது. கையை அந்த வெளிச்சத்துக்குள்ள வைச்சிட்டன். தோல் கருகி மணத்தது. கடைக்காரர் கத்திக்கொண்டு நிப்பாட்டினார். அந்தத் தகட்டாலயே அண்ணனை அடிச்சன். ஏழு தையலாம்.

தகடு இப்ப என்ட பாயில கிடக்கு. அரத்தால ராவியும் 'மறைவு' போகுதில்ல.

பிழையான நாள் எண்டுதான் அடிச்சன். அப்ப சரியான நாள் ஒண்டு இருக்கா, குஞ்சு?