அராமின் கைப்பழக்கம்

பிப்ரவரி 7, 1938. திங்கள்

காலையில் பாதி பம்ப்ளிமாஸ், சர்க்கரை இல்லாமல். இதைத் தின்று யாராவது சந்தோஷமாக இருந்ததாகச் சரித்திரம் உண்டா? படக் கம்பெனி டாக்டரை உட்கார வைத்து ஊட்டிவிட வேண்டும்.

செட்டில் வழக்கம்போல டெல் எனக்கு முன்பே என் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆறு வருஷமாக எனக்குப் பதில் லைட்டுக்கு நிற்பதுதான் அவள் வேலை. என் உயரம், என் தலைமுடி நிறம், என் கவுனுக்கு நகல் ஒன்று. கேமராமேன் கீகன் அவள்மேல் விளக்கைத் திருப்பித் திருப்பிச் சரிபார்ப்பார். எல்லாம் முடிந்ததும் நான் போய் அந்தச் சாக்பீஸ் குறிமேல் நிற்பேன், அவள் விலகிக்கொள்வாள். விலகும்போது நின்ற இடத்தைக் காட்டித் தினமும் ஒரே பேச்சு: "சூடாத்தான் வெச்சிருக்கேன், மிஸ் ஹால்டன்." இடது குதிகாலை ஷூவிலிருந்து வெளியே இழுத்துவிட்டபடி நிற்பது அவள் பழக்கம். பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இன்று ஒரே இருமல். "எனக்கு ஒட்டவெச்சிடாதே தாயே" என்றேன். சிரித்தாள்.

ஏப்ரலில் ஒப்பந்தம் முடிகிறது. போன இரண்டு படமும் படுத்துவிட்டன. இதுவும் படுத்தால் முதலாளி என்னை வெளியே அனுப்பிவிடுவார். முப்பத்து நாலு வயசில் (கம்பெனிக் கணக்கில் இருபத்தெட்டு) எங்கே போவது? நெப்ராஸ்காவுக்கா? அங்கே என் சொந்தப் பேரான பெர்த்தாவைத்தான் தெரியும். நோரா ஹால்டன் அங்கே பிறக்கவே இல்லை.

பிப்ரவரி 10

டெல் போய்விட்டாள். நிமோனியாவாம். திங்கட்கிழமை சிரித்தாளே.

பிப்ரவரி 12. சனி

எழுதாவிட்டால் தூங்க முடியாது போலிருக்கிறது.

அடக்கத்துக்கு முன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். மேக்கப்மேன் அராம் முந்தின நாளே போய், நானே அவளுக்கு முகம் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிச் செய்திருக்கிறார். காசு வாங்கவில்லை. நல்ல மனுஷன். ஆனால் ஆறு வருஷமாகத் தினம் காலையில் அவர் கை ஒரே ஒரு முகத்தைத்தான் வரைந்திருக்கிறது.

குனிந்து பார்த்தேன். உள்ளே நான் படுத்திருந்தேன்.

என் புருவம். என் மேலுதடு. கன்னத்தில் அந்த நிழல். என்னுடையது என்கிறேனே, அதில் எனக்கென்று என்ன இருக்கிறது? புருவத்தைச் சிரைத்தார்கள், நெற்றி முடியை மின்சார ஊசியால் பொசுக்கிப் பின்னால் தள்ளினார்கள், அதன்மேல் அராம் தினமும் வரைவதுதான் நோரா ஹால்டன். அது இப்போது பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

கீகன் தொப்பியைக் கழற்றினார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். டெல்லின் அக்கா மட்டும் வாய்விட்டுக் கேட்டாள்: "ரொம்ப அழகா இருக்கா. ஆனா இது யாரு?"

அராம் முகம் வெளுத்துவிட்டது. "கை தானாப் போயிடுச்சும்மா. நான் கவனிக்கவே இல்ல" என்றார். துடைத்துவிடுங்கள் என்றேன். அதற்குள் மூடிவிட்டார்கள்.

பிப்ரவரி 15

லைட்டுக்கு நிற்கப் புதுப்பெண் வந்திருக்கிறாள். உயரம் சரி, நிறம் சரி. ஆனால் அவள் விலகி நான் போய் நின்றால் எதுவும் ஒட்டவில்லை. கீகன் ஏணியில் ஏறினார், இறங்கினார், ஆட்களைத் திட்டினார். கடைசியில் என்னிடமே வந்தார். "நோரா, தப்பா எடுத்துக்காதே. உன் மூஞ்சில லைட் நிக்க மாட்டேங்குது. தண்ணி மாதிரி வழிஞ்சு ஓடுது."

"லைட்டைப் போய்த் திட்டுங்க, என்னை ஏன் சொல்றீங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 18

எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். பின்னால் சுவரில் வரைந்த பூக்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. நடுவில் நான் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, சுருட்டை மட்டும் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் கத்தினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் ஆளை மாற்றுவார்.

பிப்ரவரி 21

இன்று நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் காத்திருந்தேன். பென்சில் புருவத்தில் படவேயில்லை. கண்ணைத் திறந்தால் அராம் கையைத் தூக்கியபடி அப்படியே நிற்கிறார்.

"என்ன?"

"வரமாட்டேங்குதும்மா."

"எது?"

"உங்க முகம். கைக்கு வரமாட்டேங்குது. அன்னிக்குப் போட்டேனே, அதோட தீந்துபோன மாதிரி இருக்கு."

என் போட்டோ ஒன்றைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை படம் போட்ட மாதிரி இருந்தது. அவரைத் திட்ட வாயெடுத்தேன். அவர் கண்ணில் தண்ணீர். விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 23

புதுப்பெண் இன்று வரவில்லை. யாரும் நிற்காத குறிமேல் போய் நின்றேன். விளக்கு எதுவும் இன்னும் எரியவில்லை. ஆனால் தரை சூடாக இருந்தது.

மார்ச் 2. புதன்

மழை. மழையா இது, வானம் ஓட்டையாகிவிட்டது. ஆற்றின்மேல் பாலம் போய்விட்டதாம். ஸ்டூடியோ அக்கரையில். போனும் செத்துவிட்டது. நேற்றும் போகவில்லை, இன்றும் இல்லை. வேலைக்காரி ஹில்டாவும் நானும் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறோம்.

சொன்னால் வெட்கம், மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. உருளைக்கிழங்கை வெண்ணெயில் வறுத்து, ரொட்டியும் சேர்த்து, மூக்குப் பிடிக்கத் தின்றோம். ஹில்டா என்னைப் பார்த்து, "பவுடர் இல்லாம உங்களை இப்பதான் பாக்கிறேன். யாரோ மாதிரி இருக்கீங்க" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். புருவமில்லாத வெறும் முகம். எங்கேயோ பார்த்த முகம்தான். எங்கே என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 4. வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தற்காலிகப் பாலம் போட்டுவிட்டார்கள், போனேன். வாசலிலிருந்தே ஆளாளுக்குச் சிரிப்பு. விளக்குக்காரர்கள் குல்லாயைத் தூக்குகிறார்கள். கீகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அந்த மழையில முதல் ஆளா வந்து நின்னியே! அழுத அழுகை இருக்கே... கேமராவை நிறுத்தவே எனக்கு மறந்துபோச்சு."

"எப்போ?"

"விளையாடாதே. புதன்கிழமைதான்."

புதன்கிழமை நான் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். சொல்ல வந்தேன். அதற்குள் முதலாளி கூப்பிடுகிறார் என்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். மகன் செத்த செய்தி கேட்டுத் தாய் படியில் உட்காரும் காட்சி. நான்தான். என் முகம், பெட்டிக்குள் பார்த்தேனே, அதே. ஒளி அதன்மேல் போய் அப்படியே தங்கி நிற்கிறது. அந்த மாதிரி நான் ஒருநாளும் அழுததில்லை, எனக்கு அது வராது. அப்புறம் தூரக் காட்சி. படிக்கட்டில் அவள் கால் தெரிகிறது. இடது குதிகால் ஷூவிலிருந்து மெல்ல வெளியே வந்தது.

வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். "ஏப்ரல்ல முடிஞ்சா என்ன? இன்னும் அஞ்சு வருஷம் நீ நம்ம பொண்ணு. என்ன சொல்றே, நோரா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நரம்புக் கோளாறு என்று எங்கேயாவது மலைமேல் ஆஸ்பத்திரியில் போடுவார்கள். இல்லாவிட்டால் நெப்ராஸ்கா.

"நன்றி" என்றேன். "ரொம்பக் கஷ்டப்பட்டுச் செஞ்சேன்" என்றும் சொன்னேன்.

மார்ச் 5

நான்தான் என்று ஒத்துக்கொண்டாயிற்று. வேறென்ன செய்வது? சொல்லுங்களேன் யாராவது. பாவி, செத்துப்போயும் வேலைக்கு வருகிறாளே!

மார்ச் 9

வாசல் காவல்காரன் என்னை நிறுத்தினான். "மிஸ் ஹால்டன் அப்பவே உள்ள போயாச்சு. நீ எங்க இந்தப் பக்கம் வர்றே? பக்கவாட்டு வாசல்ல போ."

"யோவ், கண்ணு தெரியலையா உனக்கு? நான்தான்யா ஹால்டன்!"

"காலங்காத்தால குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணாதேம்மா. வேலை போயிடும்" என்றான். மிரட்டவில்லை, பரிதாபமாகத்தான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை.

பக்கவாட்டு வாசலில் போனேன். மேக்கப் அறை சாத்தியிருந்தது. உள்ளே அராம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பழைய அராம். "வந்துடுச்சும்மா, கைக்கு வந்துடுச்சு! இருங்க, அசையாதீங்க" என்று யாரிடமோ சொன்னார். யாரோ சிரித்தார்கள். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? திறந்தால் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். அப்புறம் வெளியே நிற்கிறவள் யாராம்?

மார்ச் 14

கீகன் என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். "ஏய், வா, வந்து நில்லு. சீக்கிரம்."

நின்றேன். வேறெங்கே போவது? விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. இவ்வளவு சூடா? ஆறு வருஷம் இதிலா நின்றாள்? கால் வலி உயிர் போயிற்று. இடது குதிகாலைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டால் சுகமாக இருக்கிறது. அதற்குத்தானா அது.

"அசையாம நல்லா நிக்கிறே" என்றார் கீகன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கையிலிருந்த ஒளிமானியைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 22

ஹில்டா கதவைத் திறக்கவில்லை. சங்கிலியைப் போட்டுக்கொண்டு இடுக்கு வழியாகப் பேசினாள். அம்மா தூங்குகிறார்களாம். கையெழுத்துப் போட்ட போட்டோ வேண்டுமானால் கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டுமாம்.

இந்த நோட்டு கைப்பையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. லைட்டுக்கு நிற்கும் பெண்கள் நாலைந்து பேர் தங்கும் விடுதியில் கட்டில் கிடைத்தது. ஜன்னலோரம்.

ஏப்ரல் 4. திங்கள்

பேப்பரில் பெரிய படம். மிஸ் ஹால்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார், முதலாளி பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். நல்ல படம்.

இன்று காலை முழுக்க நின்றேன். அப்புறம் செட்டில் சத்தம் அடங்கியது, மிஸ் ஹால்டன் வருகிறார்கள் என்று தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்ப்பது வேறு. அழகென்றால் அப்படி ஓர் அழகு. என் எதிரில் நின்று, "ரொம்ப நேரமா நிக்கிறியா? கால் வலிக்குதா?" என்று கேட்டார்கள். நிஜமாகவே கேட்டார்கள். விளக்குக்காரர்களின் பிள்ளைகள் பெயரெல்லாம் அவர்களுக்குத் தெரிகிறது. செட்டில் எல்லோருக்கும் அவர்களைப் பிடிக்கிறது. எனக்கும் பிடிக்கிறது, அதை என்னவென்று சொல்ல?

ஏதேதோ கேட்க வேண்டும் என்று வாரக்கணக்காக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"சூடாத்தான் வெச்சிருக்கேன், மிஸ் ஹால்டன்."

விலகி நின்றேன். இருமல் வந்தது, கைக்குட்டையால் பொத்திக்கொண்டேன். ஒரு வாரமாக விடவில்லை. அராம் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட போ, கண்ணு" என்றார். நல்ல மனுஷன். எனக்கு ஒன்று என்றால் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு முகம் செய்ய வருவார். கை தானாகப் போகும். அன்றைக்காவது அந்த முகம் எனக்குக் கிடைக்கும்.